முதல் நாள் என்ன சாப்பிட்டனீங்கள்?

கனடாவில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் பள்ளியில் வாசிக்கும் நாவல்களில் ஒன்று 'ஹாட்செட்'. தமிழில் கைக்கோடரி என்று சொல்லலாம். கேரி போல்சன் என்ற அமெரிக்கர் எழுதியது. 1988ஆம் ஆண்டு சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி ஹானர் இதற்குக் கிடைத்தது. கதை சின்னது. பிரையன் என்ற 13 வயதுப் பையன். தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். கனடாவின் வடபகுதியில் எண்ணெய் வயலில் வேலை செய்யும் தகப்பனிடம் கோடை விடுமுறைக்குப் போகிறான். சிறிய விமானம், விமானியும் இவனும் மட்டும். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு வருகிறது. விமானம் காட்டுக்கு நடுவே ஒரு ஏரியில் விழ, பையன் நீந்திக் கரையேறுகிறான். புறப்படும்போது தாய் பரிசாகக் கொடுத்த கைக்கோடரி இடுப்பில் இருக்கிறது. உருப்படியாக வேறு ஒன்றும் இல்லை. அதோடு 54 நாட்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

என் பேத்தியின் வகுப்பு இந்தப் புத்தகத்தைப் படித்தது. தனித்தனியாக வாசித்துப் பரீட்சை எழுதுகிற முறை அங்கே இல்லை. நாலைந்து பிள்ளைகளை ஒரு குழுவாக இருத்திவிடுகிறார்கள். ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் படம் வரைய, ஒருவர் கடினமான சொற்களைப் பொறுக்க, மற்றவர்கள் வாதாட, ஒவ்வொரு அதிகாரமும் முடிந்ததும் தம் மனதில் பட்டதை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அவள் எழுதியதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக வாசித்துக் காட்டுவாள். முதல் இரண்டு நாளும் மரியாதைக்குக் கேட்டேன். மூன்றாவது நாளிலிருந்து அவள் வருவதற்கு முன்பே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்கத்திலேயே ஆசிரியை ஒரு கேள்வி போட்டிருந்தார்: பிரையனுடைய இடத்தில் இருந்தால் உங்கள் கையில் எந்த ஒரு பொருள் இருக்க விரும்புவீர்கள்? எதிர்பார்த்தபடி எல்லாரும் கைத்தொலைபேசி என்றார்கள். அந்தக் காட்டில் கோபுரம் இல்லை, சிக்னல் இல்லை என்று ஒருவன் சொன்ன பிறகு தீப்பெட்டி என்றார்கள். நனைந்துவிட்டால் என்ற கேள்வி வந்தது. பிறகு கத்தி, கூடாரம், நாய். ஒரு பிள்ளை "என் அம்மா" என்றதாம். அம்மா ஒரு பொருளா என்று குழுவுக்குள் பெரிய சண்டை. அந்தப் பிள்ளையின் விடையைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சின்ன வயதில் வாசித்தது ராபின்சன் குருசோ. சுருக்கிய பதிப்பு. டானியல் டீஃபோ 1719இல் எழுதிய அந்தக் கதையில் குருசோ 28 வருடம் தீவில் இருக்கிறான். ஆனால் அவனுக்கு முழுக் கப்பலே கிடைத்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தெப்பம் கட்டித் திரும்பத் திரும்பப் போய்த் துவக்கு, வெடிமருந்து, தச்சுச் சாமான், கயிறு, பாய்த்துணி, தானியம் என்று இறக்கிக்கொண்டு வந்தான். பஞ்சத்தில் அடிபட்டவன் என்று அவனைச் சொல்வது கொஞ்சம் கூடுதல். ஓர் இடத்தில் கப்பலில் காசு கிடைக்கிறது. இந்தத் தீவில் உன்னால் என்ன பயன் என்று அதைத் திட்டுகிறான். திட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகிறான். டீஃபோவும் வியாபாரம் செய்து பட்டவர் அல்லவா, மனிதனைத் தெரிந்துதான் எழுதினார்.

பிரையனிடமும் காசு இருந்தது, ஒரு 20 டாலர் தாள். அவன் அதைக் கிழித்துத் தீ மூட்டப் பார்க்கிறான். பிடிக்கவில்லை. இந்த இடத்தில் வகுப்பே சிரித்ததாம். நானும் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். சங்கக் கடை மனேஜர். தாள் காசு எந்த நேரத்தில் வெறும் தாளாகிறது என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தீ பிறக்கிற பகுதிதான் நாவலின் உயிர். ஒரு இரவு, கும்மிருட்டில், அவன் ஒதுங்கியிருந்த பாறைப் பொந்துக்குள் முள்ளம்பன்றி ஒன்று நுழைகிறது. என்னவென்று தெரியாமல் கோடரியை எறிகிறான். கோடரி பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. முட்கள் காலில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். தனிமை, வலி, பசி எல்லாம் சேர, அழுகிறான். நெடுநேரம் அழுகிறான். அழுது முடிந்தபோது ஒன்றும் மாறியிருக்கவில்லை. கால் அதே மாதிரி வலித்தது, இருட்டு அதே மாதிரி இருந்தது. தன்னைப் பார்த்துத் தானே இரங்குவதால் ஒரு வேலையும் நடக்காது என்று அவனுக்கு அப்போது புரிகிறது. காலையில்தான் அந்தப் பொறி ஞாபகம் வருகிறது. கோடரியால் பாறையைத் தட்டுகிறான். புல்லில் பிடிக்கவில்லை, சுள்ளியில் பிடிக்கவில்லை, 20 டாலரில் பிடிக்கவில்லை. பிறகு பூர்ச்ச மரத்தின் உரிந்த பட்டையைத் தலைமயிர் போல மெல்லியதாகப் பிரித்துக் கூடு மாதிரி வைத்துத் தட்ட, பொறி விழுந்து விழுந்து அணைகிறது. காற்று வேண்டும் என்பது கடைசியில்தான் உறைக்கிறது. குனிந்து ஊதுகிறான். தீ.

இந்த அதிகாரத்தில் குழு இரண்டாக உடைந்துவிட்டது. "அழக்கூடாது என்றுதானே கதை சொல்கிறது" என்று ஒரு பக்கம். என் பேத்தி மறுபக்கம். அவளுடைய கொப்பியில் இருந்ததன் சாரம் இது: அவன் அழுதான். ஆசிரியர் அவனைத் திட்டவில்லை. அழுது முடித்த பிறகு கால் இன்னும் வலிக்கிறது என்று மட்டும் சொல்கிறார். அழுதது பிழை என்று எங்கேயும் எழுதவில்லை.

பதினொரு வயதில் இப்படி வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அழுகையையும் வேலையையும் எதிரெதிராக நிறுத்துவது வீட்டுக்குள் சௌகரியமாக இருப்பவர்களின் பழக்கம். எங்கள் ஊரில் செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாய் அழும். கை பிள்ளைக்குச் சோறு குழைத்துக்கொண்டிருக்கும். எது எதற்குத் தடை?

ஆமை முட்டை அதிகாரம் வந்தபோது வகுப்பில் ஒரே அருவருப்பாம். மணலில் ஆமை புதைத்துவிட்டுப் போன முட்டைகளைப் பையன் தோண்டி எடுத்துப் பச்சையாகக் குடிக்கிறான். போல்சன் இதை எழுதுமுன் தானே ஆமை முட்டையைப் பச்சையாகத் தின்று பார்த்திருக்கிறார், அவருக்கு வயிற்றில் தங்கவில்லை. பின்னாளில் அவரே எழுதிய உண்மை இது. அவசர மருத்துவ ஊர்தியில் தொண்டராக ஓடியபோது மாரடைப்பில் கண்முன்னே மனிதர் சாவதையும் பார்த்திருக்கிறார். விமானியின் சாவு அந்த அனுபவத்திலிருந்து வந்தது. குடிகாரப் பெற்றோரின் வீட்டில் வளர்ந்தவர், காடும் நூலகமும் தன்னைக் காப்பாற்றின என்று சொல்லிவந்தவர். 2021இல் 82 வயதில் காலமானார். அந்தக் கதையில் பொய் இல்லாததற்குக் காரணம் அவர் பட்ட அனுபவங்கள்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் "சீ" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தபோது, வேறொரு நாட்டின் போரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்திருந்த ஒரு பையன், பசிக்கும்போது மணம் தெரியாது என்று மெதுவாகச் சொன்னானாம். அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. ஆசிரியை அவனைத் தோண்டிக் கேள்வி கேட்கவில்லை. அவன் சொன்னதைப் பலகையில், பெயர் போடாமல், மற்ற விடைகளோடு ஒன்றாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கும்பிடுவேன். இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களைக் கண்டவுடன் கண்ணில் நீர் வரும்படி ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்கிறவர்கள் அதிகம். தானாகச் சொன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள் குறைவு.

நாவலில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தக் காடு யாருமே இல்லாத காடு போல வருகிறது. கனடாவின் வடக்கில் கிரீ, டெனே, அனிஷினாபே மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறார்கள். பையன் தலைகீழாக நின்று கண்டுபிடிக்கிற தீ, மீன், பறவை எல்லாம் அவர்களுடைய வீடுகளில் பாட்டிமார் பிள்ளைகளுக்குப் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தவை. பூர்ச்சப் பட்டையில் தோணியே கட்டியவர்கள் அவர்கள். ஒருவருக்கு உயிர் தப்பும் சாகசமாக இருப்பது இன்னொருவருக்குக் காலைச் சமையல். இதைப் பேத்தியிடம் சொன்னேன். அது ஏற்கெனவே வகுப்பில் பேசியாகிவிட்டது என்றாள். எங்கள் காலத்தில் குருசோவைப் படித்தபோது, அவன் அடிமைகளை வாங்கப் போகும் வழியில்தான் கப்பல் உடைந்தது என்று ஒரு வாத்தியாரும் வாய் திறந்து சொன்னதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தளவில் நல்ல காலம்.

ஆனாலும் பையன் கற்றுக்கொள்கிற விதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. தண்ணீருக்குள் மீனைக் குத்தும்போது குறி தப்பிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் ஒளி வளையும் என்று எப்போதோ பாடத்தில் படித்தது ஞாபகம் வர, மீனுக்குச் சற்றுக் கீழே குறி வைக்கிறான், கிடைக்கிறது. காலடியிலிருந்து படபடவென்று எழும்பும் பறவைகள் கண்ணுக்கே படுவதில்லை. இறகையும் நிறத்தையும் தேடுகிறவரைக்கும் தெரியவில்லை, உருவத்தின் விளிம்பைத் தேடத் தொடங்கியதும் தெரிகிறது. நாட்களைப் பாறையில் கீறி வைத்தாலும் அவன் மனதில் காலம் வேறு விதமாக ஓடுகிறது: தீ கிடைத்த நாள், முதல் இறைச்சி தின்ற நாள். பேத்திக்கு இது புதுமையாக இருந்தது. எனக்கு இல்லை. புயல் அடித்த வருடம், மின்சாரம் நின்ற வருடம், இடம்பெயர்ந்த வருடம் என்றுதான் எங்கள் வீட்டில் பிறந்தநாள்களே கணக்கு.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏரியில் மூழ்கிக் கிடந்த விமானத்தின் வால் மேலே வர, பையன் அதற்குள் புகுந்து அவசரகாலப் பையை எடுக்கிறான். உணவுப் பொதிகள், துவக்கு, தீ மூட்டும் கருவி எல்லாம் இருக்கின்றன. ஒரு சின்ன ஒலிபரப்புக் கருவியும் இருக்கிறது. அதை அமுக்கிப் பார்த்து, பழுது என்று நினைத்து, ஒருபுறம் வைத்துவிட்டுச் சமைக்கத் தொடங்குகிறான். அந்தச் சமிக்ஞையைக் கேட்டுத் தோல் வாங்கப் போகும் ஒரு விமானி வந்து இறங்குகிறான். 54 நாள் மனித முகம் காணாத பையன் தன் பெயரைச் சொல்லிவிட்டு அந்த மனிதனிடம் கேட்பது என்ன தெரியுமா? சாப்பிடுகிறீர்களா என்று.

அவனைக் காப்பாற்ற வந்தவனை இவன் விருந்தாளியாக்கிவிட்டான். வகுப்பில் சிலருக்கு அது வேடிக்கையாகப் பட்டதாம். கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டாமா என்றார்களாம். எங்கள் வீட்டில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. படலையில் ஆள் வந்தால் வேறு என்ன கேட்பது?

புத்தகம் முடிந்ததும் ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்தில் அல்லது அயலில் கடினமான ஒரு காலத்தைக் கடந்து வந்தவரோடு பேசி எழுதுங்கள். விருப்பம் இருந்தால் மட்டும் என்று ஆசிரியை அடிக்கோடிட்டிருந்தார்.

பேத்தி கொப்பியும் பென்சிலுமாக வந்து இருந்தாள். எங்கள் கடினமான காலம் தொடங்கியது 1995 அக்டோபர் 30. அன்று மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், இரவுக்குள் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று. இராணுவம் முன்னேறி வந்துகொண்டிருந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் ஒரே இரவில் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மழை. இந்தக் கதையைக் கனடாவில் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். நினைவுநாள்களில் பேசுகிறவர்கள் உண்மையைத்தான் பேசுகிறார்கள். மண், வீடு, மானம், கண்ணீர் எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கும். பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு மனமில்லை என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மப்பா, முதல் நாள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

இரண்டாவது: தண்ணீர் எங்கே இருந்தது? மூன்றாவது: எதில் குடித்தீர்கள்? பிறகு: எதன்மேல் படுத்தீர்கள்? கொண்டுபோனதில் எது பிரயோசனப்படவில்லை? மற்றவர்களுக்குத் தெரியாத ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்ததா?

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் இவற்றைக் கேட்டதில்லை. பத்திரிகைக்காரர் கேட்கவில்லை. அகதி விண்ணப்பம் விசாரித்த அதிகாரி எல்லாத் திகதிகளையும் கேட்டார், இதைக் கேட்கவில்லை. பெற்ற மகள் கேட்கவில்லை. கோடரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பையன் வயிற்றை எப்படி நிரப்பினான் என்று வாரக்கணக்காகச் சேர்ந்து வாதாடிய பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்விகள் வந்தன.

சொன்னேன். முதல் நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் மீசாலையில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு முற்றத்தில் கஞ்சி. சிரட்டையில் குடித்தோம். உப்பில்லாக் கஞ்சி. தண்ணீர்தான் விசித்திரம். செம்மணி வெளியில் இரண்டு பக்கமும் கடல்நீரேரி, தலைக்கு மேலே மழை, குடிக்க ஒரு மிடறு இல்லை. சனம் அடிமேல் அடியாக நகர்கிறது, முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுகின்றன. யார் முதலில் செய்தார்களோ தெரியாது. குடையைத் தலைகீழாகப் பிடித்தார்கள். மழை விழுந்து குடைக்குள் தேங்கியது. அதைக் குழந்தைகளுக்குப் பருக்கினார்கள். பார்த்துவிட்டு நானும் அப்படியே பிடித்தேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களுக்குக் குடைதான் கோடரி" என்றாள்.

பிரயோசனப்படாத பொருளுக்கு விடை சொல்லச் சற்று வெட்கம்தான். சங்கக் கடையின் கடன் பேரேட்டைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். கடன்காரர் எல்லாரும் எனக்கு முன்னாலும் பின்னாலும் அதே தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். தீ மூட்டவாவது உதவியதா என்று கேட்டாள். 20 டாலர் தாள் ஞாபகம் அவளுக்கு. இல்லை, அதுவும் ஈரம்.

மற்றவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்திருந்தவர் அந்த மீசாலை வீட்டு ஆச்சி. மீசாலை இருக்கும் தென்மராட்சி தென்னைக்குப் பேர்போன இடம். எங்கள் எல்லாருக்கும் விறகு நனைந்து, அடுப்பு புகைந்து, கண் எரிந்துகொண்டிருந்தபோது, ஆச்சி தன் கட்டிலுக்குக் கீழே இருந்து காய்ந்த பன்னாடையை அள்ளிக்கொண்டு வந்தார். தென்னை மட்டையின் அடியில் வலை போல மரத்தைச் சுற்றியிருக்குமே, அது. மாரிக்கு முன்பே சேர்த்துக் காயவைத்திருந்தார். ஒரு குச்சியில் பற்றியது. அந்த வளவில் தங்கியிருந்த அத்தனை குடும்பத்துக்கும் அன்று அடுப்பெரிந்தது ஆச்சியின் பன்னாடையால். பேத்தி உடனே பூர்ச்சப் பட்டை என்றாள். ஆம், அதே வேலைதான்.

இந்த இடத்தில் மகள் சமையலறையிலிருந்து வந்தாள். இடம்பெயர்ந்தபோது அவளுக்கு எட்டு வயது.

"இல்லை அப்பா, உப்பு இருந்தது. அம்மா சேலை முடிச்சில கட்டி வைச்சிருந்தவ. நான் கண்டனான்."

நான் இல்லை என்றேன். கஞ்சி சப்பென்று இருந்தது இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. மகள் விடவில்லை. கடைசியில் மனைவியைக் கூப்பிட்டோம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து, கேள்வியைக் கேட்டு, ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்:

"உப்பு இருந்தது. நான்தான் எடுக்கேல்லை. எத்தினை நாளைக்கு இழுக்கவேணுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அது தெரியாது. ஒரே பாயில் படுத்து, ஒரே சிரட்டையில் குடித்து, பிறகு ஒரே வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்தும் தெரியாது. ஆமை முட்டைகளை ஒரே மூச்சில் தின்றுவிடாமல் பையன் தன்னைக் கட்டுப்படுத்தி மிச்சம் பிடிக்கும் இடத்தை நான் வியந்து கேட்டிருந்தேன். மிச்சம் பிடித்த மனுஷி அடுத்த அறையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த உப்பு கடைசியில் என்ன ஆயிற்று என்று பேத்தி கேட்டாள். பக்கத்துப் பாயில் வயிற்றோட்டத்தோடு கிடந்த ஒரு குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, அம்மம்மா மறுபடி தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்.

எங்கள் மேடைப் பேச்சுகளில் இல்லாமல் போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துயரத்தை மொத்தமாகச் சொல்கிறோம். அப்படிச் சொன்னால் கேட்கிறவருக்குத் தலை குனிவதைத் தவிர வேறு வேலை இல்லை. பிள்ளை தலை குனிந்து எவ்வளவு நேரம் இருக்கும்? உப்பு முடிச்சைச் சொன்னால் பிள்ளை கேள்வி கேட்கும். எவ்வளவு உப்பு, எந்தத் துணி, ஏன் ஒளித்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று போகும். போகிற வழியில் மண்ணும் மானமும் தாமாக வந்து சேரும், நாம் தள்ள வேண்டியதில்லை.

கனடாத் தமிழர் வரலாற்றிலேயே பெரிய உயிர்தப்பல் கதை ஒன்று இருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றினார். அந்தத் தொகை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எங்கிருந்து கப்பலேறினார்கள் என்று முதலில் மாற்றிச் சொன்னது, பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது, நாடு இரண்டுபட்டது எல்லாம் தெரியும். அந்தப் படகுகளில் இருந்த தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள், முதல் மிடறு யாருக்கு என்று முடிவு செய்தவர் யார், கடல் நோயில் கிடந்தவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர்களில் பலர் இந்த ரொறன்ரோ நகரத்திலேயே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். கோயிலில் நமக்குப் பக்கத்தில் நின்று தீபாராதனை பார்க்கிறார்கள்.

கேட்கிற முறையும் முக்கியம். அந்த ஆசிரியை அடிக்கோடிட்டதை நான் மறுபடி சொல்கிறேன்: விருப்பம் இருந்தால் மட்டும். சொல்ல முடியாதவற்றைக் கொண்டுவந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் சமையலைப் பற்றிக்கூடக் கேட்கக்கூடாத நாள்கள் உண்டு. பசியில் மணம் தெரியாது என்று சொன்ன அந்தப் பையன் இந்த வீட்டுவேலையைச் செய்யவில்லையாம். அதற்குப் பதிலாக ஏரியின் படம் ஒன்று வரைந்து கொடுத்தானாம். அது மற்றவர்களுடைய கட்டுரைகளோடு சுவரில் இருக்கிறது.

பேத்தியின் கட்டுரைக்குத் தலைப்பு 'குடை'. அதை வாசித்த பிறகு குழுவில் இருந்தவர்கள் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பன்னாடை எப்படி இருக்கும், சிரட்டை சூடாகாதா, கடன்காரர் பிறகு காசு தந்தார்களா என்றுதான் கேட்டார்களாம். கடைசிக் கேள்விக்கு விடை: சிலர் தந்தார்கள்.

என் வயதுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். நினைவு நன்றாக இருக்கும்போதே, கணவனும் மனைவியும் ஒன்றாக இருக்கும்போதே, ஒரு நாள் மாலை உட்கார்ந்து முதல் நாள் என்ன சாப்பிட்டோம் என்று கதைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாது. சண்டை வரும். வரட்டும், பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்து எழுதட்டும். ஊரிலிருந்து யாராவது ரொறன்ரோவுக்கு வருகிறீர்கள் என்றால், தென்மராட்சியின் கொடிகாமம் பக்கம் போய் ஒரு பன்னாடையை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். விமான நிலையத்தில் பன்னாடையைப் பிடுங்கினாலும் பிடுங்குவார்கள், படத்தை விடுவார்கள். பிள்ளைகள் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.